மூன்றாம் பெட்டி இடம் மாறியது குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் இந்தக் கட்டின் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன, அவை சரியானவை. வயது நாற்பத்து மூன்று. மலையைக் குடைந்து போகும் சாலைச் சுரங்கத்தில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் மெக்கானிக்காகப் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். அண்ணனுக்கு வயது நாற்பத்தெட்டு. அதே சுரங்கத்தில் ரோந்து வண்டி ஓட்டுகிறவர். இந்த வாக்குமூலத்தை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகவே வந்து, காலை பத்தே காலுக்கு, விசாரணை அதிகாரி அம்மா முன்னிலையில் கொடுக்கிறேன். நான் சொல்வதை எழுத்தர் எழுதுகிறார். கொஞ்சம் மெதுவாகச் சொல்லும்படி அவர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

வேலை செய்கிற நாங்கள் சுரங்கத்தைக் குகை என்றுதான் சொல்வோம். அதன் நீளம் ஆயிரத்து எண்ணூறு மீட்டர். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே வழி. ஊர்ப்பக்கத் திறப்பைக் கீழ்வாய் என்றும் மலைக்கு அந்தப்புறம் இருப்பதை மேல்வாய் என்றும் சொல்வோம். முந்நூறு மீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் ஐந்து கதவுகள் உண்டு. திறந்தால் பக்கத்தில் ஒரு நடைபாதை, அது வெளியே கொண்டுபோய் விடும். கூரையில் ஆறு ஜோடி விசிறிகள் தொங்குகின்றன. சுவரில் ஐந்து பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது, அதில் எவ்வளவு புகை கலந்திருக்கிறது என்ற இரண்டையும் ஒவ்வொரு பெட்டியும் அளந்து கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். அதைக் கேட்டு அங்கிருக்கும் இயந்திரம் விசிறிகளைத் தானாகவே கூட்டும், குறைக்கும், தேவைப்பட்டால் எதிர்த்திசையில் சுழற்றும். ஐந்து பெட்டிகளில் நடுவில் இருப்பது மூன்றாம் பெட்டி. மற்ற நான்கு பெட்டிகள் சொல்வதையும் இயந்திரம் கேட்டுக்கொள்ளும். ஆனால் மூன்றாம் பெட்டி சொல்வதைத்தான் நம்பும்.

குகைக்குள் தீப்பிடித்தால் காற்றை என்ன செய்ய வேண்டும் என்று அதிகாரி அம்மா கேட்டார். புகை முதலில் கூரைக்குப் போய்ப் போர்வை போலப் படுத்துக்கொள்ளும். அதன் கீழே ஆள் நடந்து போக இடம் இருக்கும். காற்றை வேகமாகத் தள்ளினால் போர்வை கலைந்து தரைக்கு வந்துவிடும். தள்ளாமல் விட்டால் புகை திரும்பி, தீக்குப் பின்னால் பத்திரமாக நிற்பவர்கள் மேல் வந்து கவிழும். இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருக்கிறது. தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் அறைக்குள் நடப்பாரே, அந்த வேகம். காற்றை அந்த நடையிலேயே பிடித்து வைத்திருப்பதுதான் பெட்டிகளுக்கும் விசிறிகளுக்கும் உள்ள வேலை.

மாதத்தில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணிவரை குகையை மூடிப் பராமரிப்பு செய்வோம். கடந்த ஆண்டு அப்படி ஒரு ஞாயிறு, நான் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நெற்றியில் பட்ட காற்று சிறிது நேரத்தில் பிடரியில் பட்டது. நான் திரும்பி நிற்கவில்லை. விசிறிகளோ தீயணைப்புச் சோதனைக்காகத் தானியங்கி முறையில் ஓடிக்கொண்டிருந்தன. காற்று ஒரே பக்கமாகத்தான் போக வேண்டும். அதன் பிறகு அடுத்த மாதம் போகும்போது, சிறுவர்கள் ஊதி விளையாடும் சோப்பு முட்டைத் தண்ணீர்ப் புட்டிகள் நான்கு வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஊதினார். "இந்த வயசுல முட்டை விடுறேன்னு தெரிஞ்சா உன் அண்ணி வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டா" என்றார். ஆனால் ஊதுவதை நிறுத்தவில்லை.

அதைச் சரியாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி. வண்டி ஒன்றுகூட இல்லாத குகை. மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைவுவரை. அதன் கீழே இருபது முப்பது குமிழ்கள் ஆள் உயரத்தில் அவசரமில்லாமல் மிதந்து போயின. நான் கையில் கடிகாரத்துடன் அவற்றோடு சேர்ந்து நடந்தேன். அறுபது தப்படி போயிருப்பேன்; குமிழ்கள் மெதுவாகி நின்றன. ஒவ்வொன்றிலும் விளக்கு ஒரு சின்னப் புள்ளியாகத் தெரிந்தது. என் முகத்துக்கு நேரே ஒன்று அசையாமல் நின்றது, எதையோ கேட்க வந்து மறந்துபோன ஆள் போல. அதன் பிறகு எல்லாம் சேர்ந்து வந்த வழியே திரும்பின. பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது, தங்கையான என்னை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்: "பாப்பா, அது திரும்பி வருது." கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை குகையின் காற்று முன்னே போய் நின்று பின்னே வந்தது. அன்று பதினோரு முறை பார்த்தோம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ஞாயிறுகள் ஆயின. மூன்றாம் பெட்டி, வரைபடத்தில் உள்ளபடி, கீழ்வாயிலிருந்து தொள்ளாயிரம் மீட்டரில், மூன்றாம் கதவுக்கு மேலே இருந்தது. அதற்கு நாற்பது மீட்டர் முன்னால் மூன்றாம் ஜோடி விசிறி தொங்குகிறது. விசிறியின் காற்று நேராகப் பெட்டியின் மேல் அடிக்கிறது. பெட்டி அதைக் குகையின் காற்று என்று நினைத்து, மிகவும் வேகம் என்று சொல்கிறது. இயந்திரம் விசிறிகளைக் குறைக்கிறது. நிஜத்தில் குகையின் காற்று ஏற்கனவே மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுவும் ஓய்ந்து, மேல்வாய்ப் பக்கத்து மலைக்காற்று உள்ளே தள்ளிக்கொண்டு வருகிறது. இப்போது பெட்டி பயந்துபோய்க் காற்று பின்னால் வருகிறது என்கிறது. இயந்திரம் விசிறிகளை முழு வேகத்தில் முடுக்குகிறது. மறுபடியும் முதலிலிருந்து. பெட்டியிலும் கோளாறு இல்லை, விசிறியிலும் கோளாறு இல்லை. பெட்டியை வைத்த இடம்தான் தவறு.

அதன் பிறகு எங்கே வைத்தால் உண்மையைச் சொல்லும் என்று தேடினேன். விசிறியின் காற்று அடங்குவதற்கு நூற்று முப்பது மீட்டர் போக வேண்டும். அதைத் தாண்டி அதிகம் போனால் வளைவு தொடங்கிவிடும். வளைவில் காற்று ஒரு சுவரை ஒட்டிக்கொண்டு ஓடும், மறு சுவரில் ஒன்றுமே இருக்காது. நடுவில் முப்பது மீட்டர் நீளம்தான் இருக்கிறது, காற்று தன் இயல்பான நடையில் போகும் இடம். அங்கே நான் கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தேன். காற்று முகத்தில் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. ஆனால் காதோரத்து முடி மட்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதிகாரி அம்மா, இது வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்று நினைக்கிறேன் என்றேன். எழுதிக்கொள்ளச் சொன்னார்.

கண்காணிப்புப் பொறியாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். நகல்கள் என்னிடம் உள்ளன, இத்துடன் கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டுக்குப் பதில் வரவில்லை. நேரில் போனேன். அவர் கெட்டவர் அல்லர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், நான் போட்ட படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். "நீங்க சொல்றது சரியாத்தான்மா இருக்கும். ஆனா அந்த வரைபடத்துல கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் ஓய்வு வாங்கிட்டுப் போயாச்சு. இப்ப யார்கிட்டப் போய்க் கேக்குறது?" என்றார். சோப்பு முட்டை பற்றிக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அதை எடுத்துவிட்டு மூன்றாவது கடிதம் எழுதினேன். அதற்கு ஒரு வரியில் பதில் வந்தது: அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின்படியே தொடரவும்.

இந்த ஆண்டு, தீ விபத்துக்குப் பதினெட்டு நாட்களுக்கு முன், பராமரிப்பு ஞாயிறு பிற்பகல் இரண்டரை மணிக்கு மூன்றாம் பெட்டியைக் கழற்றி, மேல்வாய்ப் பக்கமாக நூற்று ஐந்து மீட்டர் தள்ளி, ஆயிரத்து ஐந்தாவது மீட்டரில் பொருத்தினேன். முடிவு செய்தது நான். நான்கு போல்ட்டுகளைக் கழற்றியதும் புதிய துளை போட்டதும் கம்பியை நீட்டியதும் பழைய துளைகளை அடைத்ததும் நான். அண்ணன் ஏணி வண்டியை ஓட்டி வந்து, நான் சொன்ன இடத்தில் நிறுத்தி, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். "உத்தரவு வந்துருச்சா?" என்று கேட்டார். வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். நான் பொய் சொல்லும்போது அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். ஏணியை விடவில்லை.

அதன் பிறகு விசிறிகளை ஓடவிட்டு மறுபடி முட்டை ஊதினோம். அவை திரும்பவில்லை. அண்ணன் ஒரு குமிழைப் பார்த்து வைத்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி, வளைவுவரை அதன் கூடவே நடந்து போனார். உடைந்ததும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். முட்டை ஊதிய அந்த நாற்பது நிமிடம்போல நான் என் வேலையில் சந்தோஷமாக இருந்தது கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளலாம்.

தீப்பிடித்தது வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு. மெத்தைகள் ஏற்றிய லாரி ஒன்று, இரண்டாம் கதவைத் தாண்டி, அறுநூற்று நாற்பதாவது மீட்டரில் நின்றுபோய்ப் பற்றிக்கொண்டது. நான் கீழ்வாய்ப் பட்டறையில் இருந்தேன். மணி அடித்ததும் கைவிளக்கையும் வாக்கி-டாக்கியையும் எடுத்துக்கொண்டு நடந்தே உள்ளே போனேன். லாரிக்குப் பின்னால் கீழ்வாய்ப் பக்கம் வண்டிகள் நெருக்கமாக நின்றன. மக்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். நாற்பத்தாறு பேர் என்று பிறகு தெரிந்தது. யாரும் ஓடவில்லை. ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒருவர் தன் காரைப் பூட்டி, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். லாரி ஓட்டுநர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி வந்தார், தோல் உரிந்திருந்தது, யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே கூட நடந்தார்கள். என்னைக் கடக்கும்போது ஒரு பெரியவர், "மெதுவாப் போலாமாம்மா?" என்று கேட்டார். போகலாம் என்றேன்.

அதன் பிறகு நான் பார்த்ததைச் சொல்கிறேன். புகை திரும்பவில்லை. லாரிக்கு மேலே கூரையில் கறுப்பாகப் பிறந்து, மேல்வாய்ப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் ஒரு முழம்கூட வரவில்லை. விளிம்பு மட்டும் மூச்சு விடுவதுபோல் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் தணிந்தது. அதன் கீழே தீ, பக்கத்து வீட்டு அறையில் எரியும் விளக்கைச் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிந்தது. என் காதோரத்து முடி ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. பெட்டி பழைய இடத்தில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் காற்று நின்று திரும்பியிருக்கும். எட்டு நிமிடம் ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கடைசி ஆள் கீழ்வாயைத் தாண்டும்வரை காற்று அந்தக் குழந்தையைக் கீழே வைக்கவில்லை.

இனிச் சொல்வது மறு பக்கம் நடந்தது. நான் கண்ணால் பார்க்கவில்லை. வாக்கி-டாக்கியில் கேட்டதையும் பிறகு தெரிந்ததையும் சொல்கிறேன். அண்ணன் மேல்வாய் வழியாக உள்ளே வந்து, வளைவுக்கு அப்பால் ரோந்து வண்டியை நிறுத்தினார். அந்தப் பக்கம் இருந்த இருபத்தேழு பேரில் பெரும்பாலோர் நான்காம் கதவு வழியாகவும் மேல்வாய் வழியாகவும் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கதவுப் பக்கம் இன்னும் சில கார்கள் நின்றன. அவர் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டார். அங்கே வேலையில் இருந்தவரை நாங்கள் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுவோம். கண் எப்போதும் பாதி மூடியிருக்கும், ஆனால் வேலையில் ஒரு நாளும் தூங்கியவர் அல்லர். அவர் திரையைப் பார்த்து, "மூணாம் பெட்டி பச்சைண்ணே. போலாம்" என்றார். பெட்டி இப்போது மூன்றாம் கதவில் இல்லை, நூற்று ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவரும் மாட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அண்ணனுக்குத் தெரியும், ஏணியைப் பிடித்தவர் அவர். ஆனால் அந்த நேரத்தில் பச்சை என்று கேட்ட காது அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்காது. முகமூடியை வண்டியிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

மூன்றாம் ஜோடி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. புகைப் போர்வை அதன் அடியில் வந்தபோது, விசிறிக் காற்று அதைக் கலைத்துத் தரைக்குக் கொண்டுவந்தது. கொண்டுவந்த இடம் மூன்றாம் கதவு. பெட்டி அங்கே இருந்திருந்தால் உடனே சிவப்புக் காட்டியிருக்கும். தூங்குமூஞ்சி அந்த விசிறியைக் கையால் நிறுத்தியிருப்பார். புதிய இடத்துக்குப் புகை போய்ச் சேர ஒன்றரை நிமிடம் ஆனது. அந்த ஒன்றரை நிமிடம் மூன்றாம் கதவில் என்ன நடக்கிறது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. காற்றின் நடையைப் பற்றி ஓராண்டு யோசித்த நான், விசிறியடியில் புகை இறங்கும் என்பதை ஒரு நாளும் யோசிக்கவில்லை. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

அங்கே ஒரு காருக்குள் ஒருவர் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நெரிசல் தீரட்டும் என்று இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். விழிக்கவில்லை. கைவிளக்கால் உடைத்தார். அதற்குள் விளக்கு வெளிச்சம் பழுப்பாகி, பிறகு இல்லாமலே போயிற்று. அப்போதுதான் வாக்கி-டாக்கியில் அவர் குரலைக் கேட்டேன். "பாப்பா, இங்க ஒண்ணும் தெரியல" என்றார். பதற்றமே இல்லை, வீட்டில் மின்சாரம் போனால் சொல்வாரே, அப்படி. நான், "அண்ணே, குனிஞ்சு சுவரைத் தொட்டுக்கிட்டே வா. கதவு உன் இடது கைப் பக்கம்" என்றேன். "தூக்கத்துல இருந்தவனை எழுப்பினா கோவப்படுறான்" என்றார். அது அவர் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு இருமல் மட்டும் கேட்டது. தூங்கியவரைக் கதவுக்குள் தள்ளிவிட்டு, வேறு கார்களிலும் யாராவது இருக்கிறார்களா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். வேறு யாரும் இருக்கவில்லை. விசிறியை நிறுத்தியதும் புகை மேலே எழும்பியது; தீயணைப்புக்காரர்கள் கதவிலிருந்து ஆறு மீட்டரில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

எழுபத்து மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். லாரி ஓட்டுநரின் கைகள் ஆறி வருகின்றன. அண்ணன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்றோடு பதினாறு நாள். தொண்டையில் குழாய் போட்டிருப்பதால் பேச முடியாது, எழுதிக் காட்டுவார். நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொன்னார். முதல் மூன்று நாள் நானும் அண்ணியும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை அண்ணியிடம், பெட்டியை நான் எங்கே மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "உன் பெட்டி எங்க இருந்துச்சுன்னு எனக்கு எதுக்கு? அவரு எப்ப பேசுவாரு, அதைச் சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் என் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். நான் தூங்கிவிட்டேன். தூக்கத்தில் அந்த வார்டு முழுவதும் காற்று எந்தெந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி, கதவுப் பக்கம் சேர்ந்து, ஒன்றாகிப் போய்க்கொண்டிருந்தது. எது அண்ணனுடையது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கனவு சாட்சியம் ஆகாது என்று எழுத்தர் சொன்னார். அதிகாரி அம்மா, எழுதியாகிவிட்டது, இருக்கட்டும் என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் நான் இங்கே வந்ததற்குக் காரணம். பத்தாம் நாள் துறை விசாரணைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, அண்ணன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்: மூன்றாம் பெட்டியை இடம் மாற்றியது நான் ஒருவன்தான், என் தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்று. அந்தத் தாள் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதில் இருப்பது உண்மையல்ல. அண்ணிக்குத் தெரிந்தே எழுதினார். நேற்று மாலை நான் அண்ணியிடம், போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "அவரு இனிமே எப்படியும் வண்டி ஓட்டப் போறதில்ல. உன்னையாவது காப்பாத்தலாம்னு பாத்தாரு. ஒரே வீட்டுல ரெண்டு பேரையும் கூண்டுல ஏத்திப் பாக்கணுமா நான்?" என்றார். நியாயமான கேள்வி. எழுந்து அண்ணனிடம் போனேன்.

அவர் விழித்திருந்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, அட்டையை வாங்கி, "வாயை மூடு" என்று பெரிதாக எழுதினார். நான், "சரிண்ணே, மூடுறேன். பெட்டியை ஏன் மாத்துனேன்னு அவங்க உன்னைக் கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டேன். பென்சிலைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, "காற்று வரவில்லை என்று" என எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, குழாயோடு சிரிக்க முடியாமல் இயந்திரம் மணி அடித்து, நர்ஸ் ஓடிவந்து என்னை வெளியே போகச் சொன்னார். போகுமுன் அவர் அட்டையைப் பிடித்து இழுத்து, எழுதியதை அடித்துவிட்டு, என்னையே பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

அண்ணன் எழுதியது நிலைத்தால், ஒரு டிரைவர் தெரியாமல் கை வைத்தார், அதனால் விபத்து என்று கோப்பு மூடப்படும். ஏன் கை வைத்தார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியாது. நான் மாற்றினேன் என்றால்தான், ஏன் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதினோரு முறை எடுத்த நேரக்குறிப்பும் மூன்று கடிதங்களும் இருக்கின்றன. தீ நடந்த அன்று இயந்திரம் பதிந்த காற்றின் வேகமும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும். அதை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பதினொரு நிமிடமும் கோடு நேராகப் போயிருக்கும்.

சென்ற செவ்வாய்க்கிழமை மூன்றாம் பெட்டியைத் துறையினர் பழைய இடத்திலேயே, வரைபடத்தின்படி, திரும்பவும் பொருத்திவிட்டார்கள். பெட்டியின் கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றி, முத்திரை வைத்திருக்கிறார்கள். தூங்குமூஞ்சிதான் எனக்கு போன் செய்து சொன்னார். "எல்லாம் முன்ன இருந்த மாதிரியே வச்சாச்சுக்கா" என்றார். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தார். வருகிற திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் குகையைத் திறக்கிறார்கள். அந்த நிலைமையில் உள்ளே ஒரு வண்டி எரிந்தால், நான்காவது நிமிடம் புகை கீழ்வாய்ப் பக்கம் திரும்பும். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை.

மறுபடி அதே நிலைமை வந்தால் பெட்டியை மாற்றுவீர்களா என்று அதிகாரி அம்மா கேட்டார். மாற்றுவேன் என்றேன். ஆனால் மூன்றாம் கதவில் புகைக்காக இன்னொரு பெட்டி வைக்காமல் மாற்ற மாட்டேன். மூன்றாம் ஜோடி விசிறியைத் தீ நேரத்தில் ஓடாதபடி செய்யாமல் மாற்ற மாட்டேன். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரிடம் சொல்லாமல் மாற்ற மாட்டேன். இந்த மூன்றையும் நான் செய்யவில்லை. அண்ணனுக்கு நேர்ந்தது அதனால்தான். அதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமை திறப்பதைத் தள்ளிவைக்க இந்த வாக்குமூலம் போதுமா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை, ஆனால் இன்றே மேலே அனுப்புவதாக அதிகாரி அம்மா சொன்னார். இன்று வெள்ளிக்கிழமை என்று நினைவுபடுத்தினேன். தெரியும் என்றார். எழுத்தரிடம், இதைத் தட்டச்சு செய்து முடிக்கும்வரை சாப்பிடப் போக வேண்டாம் என்று சொன்னார்.

மேலே எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இரண்டாம் பக்கத்தில் "பெட்டியை நாங்கள் மாற்றினோம்" என்று எழுத்தர் எழுதியிருந்ததை, நான் கேட்டுக்கொண்டபடி, "பெட்டியை நான் மாற்றினேன்" என்று திருத்தி, ஓரத்தில் என் கையெழுத்து வாங்கப்பட்டது. மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. நான் அறிந்தவரையில் எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
பிற்பகல் ஒன்று ஐம்பது